சவுத்தெண்ட் கடற்கரை: ஒரு நாள் போய்வர இன்னும் தகுமா?

கயல்_இல்ஃபோர்ட் | ஞாயிறு, இரவு 9:10

கோடை வந்தாலே லண்டனிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்ப நல்ல கடற்கரை எது என்று யாராவது கேட்பார்கள். போர்ன்மத், பிரைட்டன், டர்டில் டோர் என்று பதில்கள் வரும். லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் சவுத்தெண்ட் என்று ஒருவர் எழுதினால், "அங்கே வெறும் சேறுதான்" என்று இன்னொருவர் முடித்துவைத்துவிடுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போன வாரம் அங்கேதான் போய்வந்தோம். அந்த ஊருக்காகக் கொஞ்சம் பேச வேண்டும் என்று தோன்றியது.

ஊர் மங்கிப்போனது உண்மைதான். ஆனால் எதற்காக அந்த ஊர் கட்டப்பட்டதோ அந்த வேலையை இன்னும் செய்கிறது. கிழக்கு லண்டனில் கையில் காசு குறைவாக உள்ள ஒரு குடும்பம் காலையில் ரயிலேறிப் போய், நாள் முழுக்கக் கடல் காற்று வாங்கிவிட்டு, ராத்திரி சொந்த வீட்டில் படுக்கலாம். 1856-இல் ரயில் பாதை போட்டதே இதற்காகத்தான் என்று சொல்லிவிடலாம். 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டம் வந்ததும் லண்டன் தொழிலாளிக்குச் சம்பள நாட்களுக்கு நடுவே ஒரு ஓய்வு நாள் கிடைத்தது. அந்த ஒரு நாளில் எட்டிப்பிடிக்கக்கூடிய கடல் சவுத்தெண்ட்தான்.

ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து வரும் சி2சி ரயிலில் வெஸ்ட் ஹாமில் ஏறினோம். மொத்தப் பயணமே ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். போகும்போது வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். பென்ஃப்ளீட் தாண்டியதும் ஊர்கள் விலகி, புல் சதுப்பும் சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகளும் வரும். இடப்பக்க மேட்டில் ஹாட்லி கோட்டையின் உடைந்த கோபுரம் கொஞ்ச நேரம் தெரியும். லீ என்ற ஊரைத் தாண்டினால் ரயில் தண்ணீரை ஒட்டியே ஓடுகிறது. பிள்ளைகள் போனைக் கீழே வைத்ததே அங்கேதான்.

கடற்பாலத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் 2.16 கிலோமீட்டர். உல்லாசத்துக்காகக் கட்டிய கடற்பாலங்களில் உலகிலேயே நீளமானது இதுதான். மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. அம்மாவும் சின்னவளும் அதில் போனார்கள். நானும் அப்பாவும் பெரியவனும் நடந்தோம். பாதித் தூரத்தில் திரும்பிப் பார்த்தால் ஊர் சிறுத்துப் போய், மேட்டு மேல் வரிசை வீடுகளும் கூர்சால் என்ற பழைய கேளிக்கைக் கட்டடத்தின் குவிமாடமும் மட்டும் தெரிகின்றன. எதிரே கென்ட் கரை. காற்று பலமாக அடித்தது. நடுவே நின்றுகொள்ள ஒதுக்கிடங்கள் இருக்கின்றன.

அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முனையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவரை எழுப்பவே முடியவில்லை. லண்டன் கேட்வே துறைமுகத்துக்குப் போகும் பெட்டகக் கப்பல்கள் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. ஒவ்வொன்றும் பாரத்தோடு போகிறதா, காலியாகத் திரும்புகிறதா என்று தண்ணீர்க் கோட்டைப் பார்த்தே பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்தில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பங்களைக் காட்டினார். ரிச்சர்ட் மாண்ட்கமரி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலின் பாய்மரங்கள். 1944 ஆகஸ்டில் தரை தட்டி உடைந்தது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள் இன்னும் கிடக்கிறது. அதை எடுக்கவும் முடியாமல், நெருங்கவும் விடாமல் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, அந்தப் பெரியவருக்குத் தமிழ் சுத்தமாக வராது. இருந்தும் கப்பல் பற்றிய பேச்சு அரை மணி நேரம் ஓடியது.

மதியம் கட்டிக்கொண்டு போன எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். மேட்டுச் சரிவில் இருக்கும் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு ரோஸி ஐஸ்கிரீம். 1932-இலிருந்து அந்த ஊரில் இருக்கிற பெயர். எலுமிச்சை ஐஸ் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் 2 பென்னி காசு தள்ளும் இயந்திரங்களில் பிள்ளைகள் ஒரு டப்பா காசைத் தீர்த்தார்கள். அட்வெஞ்சர் ஐலண்ட் ராட்டினப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும். பெரியவர்கள் சும்மா உள்ளே போய் நின்று பார்க்கலாம் என்பது நம்மைப் போன்ற மூன்று தலைமுறைக் குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி!

போய்வந்தவர்கள் எழுதுங்கள். பிடிக்காதவர்களும் எழுதுங்கள்.


ரெடிங்_செந்தில் | ஞாயிறு, இரவு 10:02

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நான் பார்த்த சவுத்தெண்ட் வேறு. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் கடைத்தெருவில் பெரிய பெரிய கடைகள் பலகை அடித்துக் கிடந்தன. கூர்சாலைக் கிட்டப் போய்ப் பாருங்கள், பூட்டியிருக்கும். வற்றும் நேரத்தில் தண்ணீர் ஒரு மைல் தள்ளிப் போய்விடுகிறது. பிள்ளைகளுக்குக் கடல் என்று சொல்லிக் கூட்டிப் போய்ச் சேற்றைக் காட்ட முடியுமா?

இந்த நாட்டில் வெயில் அடிக்கும் ஞாயிறு வருடத்துக்குச் சில தான். அதில் ஒன்றை எங்கே செலவழிப்பது என்று யோசிக்க வேண்டாமா? போர்ன்மத்தில் மணல் இருக்கிறது, தண்ணீர் சுத்தம், இறங்கிக் குளிக்கலாம். வாட்டர்லூவிலிருந்து ரெண்டு மணி நேரம் ஆகும், சரி. ஆனால் போனால் கடல் இருக்கும்.


பொறியாளன்_பாலா | ஞாயிறு, இரவு 10:47

அந்தச் சேற்றால்தான் அந்தப் பாலமே வந்தது, செந்தில். 1800-களின் தொடக்கத்தில் லண்டன்காரர்கள் தேம்ஸில் நீராவிப் படகில்தான் கடலோர ஊர்களுக்குப் போனார்கள். மார்கேட்டில் படகு நேராகத் துறையில் நிற்கும். சவுத்தெண்டில் தண்ணீர் வற்றினால் படகு கரைக்கு அருகிலேயே வர முடியாது. அதனால் ஊர்க்காரர்கள் கடலைத் தேடிப் பாலம் நீட்டினார்கள். 1830-இல் மரத்தால் ஒரு சிறு பாலம். போதவில்லை, நீட்டினார்கள். மறுபடி நீட்டினார்கள். வற்றின நேரத்திலும் படகு நிற்கும் ஆழம் வரும்வரை நீட்ட வேண்டியதாயிற்று. 1889-இல் ஜேம்ஸ் பிரன்லீஸ் வடிவமைத்த இரும்புப் பாலம் வந்தது. அடுத்த வருடம் மேலே மின்சார ரயிலும் வந்தது.

இரும்புக் கால், மரத் தளம், உப்புக் காற்று. இப்படி ஒரு கட்டடத்தை 130 வருடத்துக்கு மேல் காப்பாற்றுவது லேசில்லை. கடல் நீரில் மூழ்கி வெளியேறிக்கொண்டே இருக்கும் பகுதிதான் அதிகமாக அரிக்கும். இங்கே ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை வற்றல். அதுபோக விபத்துகள். 1959-இல் கரைப்பக்க மண்டபம் எரிந்தபோது மறுமுனையில் சிக்கிய நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் இறக்கினார்கள். 1976-இல் முனை எரிந்தது. 1986-இல் ரயிலைப் புதுப்பித்துத் திறந்த கொஞ்ச நாளில் ஒரு கப்பல் வந்து மோதிப் பாலத்தை அறுத்துவிட்டது. 2005-இல் மறுபடி தீ. கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி எரியும் மரத்தை எப்படி அணைப்பது? தீயணைப்பு வண்டி அதன்மேல் ஓட முடியாது. வற்றிய நேரமானால் பாலத்தின் பெரும்பகுதிக்குக் கீழே இறைக்கத் தண்ணீரும் இருக்காது.

1980-இல் பராமரிக்க முடியாது, மூடிவிடலாம் என்று நகராட்சி சொன்னபோது மக்கள் எதிர்த்து நின்று காப்பாற்றினார்கள். அப்படி நிற்காத ஊர்களில் என்ன ஆயிற்று என்று பார்க்க பிரைட்டன் மேற்குப் பாலம் போதும். 1975-இல் மூடினார்கள், 2003-இல் எரிந்தது, இன்று கடலுக்குள் இரும்புக் கூடு மட்டும் நிற்கிறது. ஒரு காலத்தில் பிரிட்டனில் சுமார் நூறு கடற்பாலங்கள் இருந்தன. மிச்சமிருப்பது பாதிக்குச் சற்று மேல்.

நான் கட்டுமானத் துறையில் இருப்பவன். இந்தப் பாலத்துக்குக் கட்டணம் கொடுத்து நடக்கும்போது ஒரு பழுதுபார்ப்புக்குப் பங்கு கொடுத்த நிறைவு எனக்கு உண்டு.


வடமராட்சியான் | திங்கள், காலை 7:25

பிள்ளை கயல், வாசிக்க வாசிக்கப் பழைய நாட்கள் எல்லாம் வந்தன. தம்பி செந்தில் சொல்வதிலும் பிழை இல்லை. ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அந்த ஊர் என்னவாக இருந்தது என்று எழுதாமல் விட மனம் வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் வந்து ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டில் நிறையப் பேர் சேர்ந்து இருந்தோம். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. அகதி விண்ணப்பம் எப்ப முடியும் என்று தெரியாது. ஊரில் என்ன நடக்கிறது என்று தொலைபேசியில் கேட்கவும் பயம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெடியன்கள் நாங்கள். கடல் இல்லாமல் இருப்பது எங்களுக்குச் சாதாரண விசயம் இல்லை. யாரோ ஒருவர் சொல்லி ஒரு ஞாயிறு ரயிலேறிச் சவுத்தெண்டுக்குப் போனோம். அந்தக் கடல் எங்கள் கடல் மாதிரி இல்லை. நிறமும் வேறு, அலையும் இல்லை. ஆனால் அந்த மணம் இருந்தது. வற்றுக் கடலில் பாசியும் சேறும் சேர்ந்து வரும் மணம். பருத்தித்துறைப் பக்கம் இல்லாவிட்டாலும் யாழ்ப்பாணப் பரவைக் கடல் பக்கம் போனவர்களுக்கு அது தெரியும். சேறு என்று தம்பி ஒதுக்குகிற அதுதான் எங்களை அங்கே திரும்பத் திரும்பக் கூட்டிப்போனது.

புட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு போவோம். கரையில் இருந்து கதைப்போம். வெள்ளைக்காரச் சனமும் அப்படித்தான் சாண்ட்விச்சும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்து இருப்பார்கள். எல்லாரும் கிழக்கு லண்டன் ஆட்கள். பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி தன் தகப்பன் கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர், வருசத்துக்கு ஒருநாள் இங்கே கூட்டிவருவார் என்று சொன்னாள். எங்களுக்கு முன்னம் யூதர்கள். வைட்சாப்பலில் தையல் வேலை செய்த குடும்பங்கள் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பக்கத்து வெஸ்ட்கிளிஃபில் வீடு எடுத்தார்கள். இன்றைக்கும் அங்கே அவர்களுடைய தொழுகைக் கூடங்கள் இருக்கின்றன. லண்டனுக்குப் புதிதாக வந்த சனம் முதலில் கண்ட கடல் அதுதான். எங்கள் சனமும் அந்த வரிசையில் வந்ததுதான்.

இன்னும் ஒன்று சொல்லுகிறேன். என் பெரியப்பா ஐம்பதுகளில் படிக்க வந்தவர். கொழும்பில் கப்பல் ஏறி தேம்ஸ் ஆற்றுத் துறைமுகமான டில்பரியில் இறங்கினவர். டில்பரிக்குப் போகும் எந்தக் கப்பலும் அந்தப் பாலத்தின் முனையைக் கடந்துதான் ஆற்றுக்குள் போக வேண்டும். கயலின் தகப்பனார் இருந்து பார்த்த அதே பாதை. பெரியப்பா விடியப்புறம் கப்பலின் மேல்தட்டில் நின்றபோது கடலுக்குள் நீண்டு நின்ற ஒரு பாலத்தைக் கண்டதாகச் சொல்லுவார். பெயர் அவருக்குத் தெரியாது. நான் ஒருநாள் அவரை அங்கே கூட்டிப்போய் முனையில் இருத்திக் காட்டினேன். கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

ஊர் மெலிந்துபோனது எனக்குத் தெரியும். நாங்கள் போகத் தொடங்கிய காலத்திலேயே கூர்சால் மூடித்தான் கிடந்தது. 1901-இல் கட்டினது, ஒரு காலத்தில் அதன் நடன மண்டபத்துக்கு லண்டனில் இருந்து சனம் அள்ளுப்பட்டு வரும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லுவார்கள். பின்னால் இருந்த பெரிய ராட்டினத் திடல் 1973-இல் போய் வீடுகள் வந்துவிட்டன. இடையில் கொஞ்சக் காலம் பந்து உருட்டும் இடமாகத் திறந்தார்கள், 2019-இல் அதுவும் நின்றது. அந்தக் குவிமாடத்தைப் பூட்டு வாசலோடு பார்க்க எனக்கும் கஷ்டம்தான்.


சுபா | திங்கள், மதியம் 12:40

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வேலையில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கயல் அக்கா, எனக்குச் சில நடைமுறைச் சந்தேகங்கள். அத்தையைச் சக்கர நாற்காலியில்தான் கூட்டிப்போக வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கடற்கரை இறக்கமா? பாலத்து ரயிலில் நாற்காலியோடு ஏற முடியுமா? அத்தை சுத்த சைவம், வெளியில் என்ன கிடைக்கும்? பையனுக்கு மூன்று வயசு, தண்ணீரில் கால் நனைக்காமல் விடமாட்டான்.


கயல்_இல்ஃபோர்ட் | திங்கள், மாலை 6:15

சுபா, சவுத்தெண்ட் சென்ட்ரலில் இறங்கினால் கடைத்தெரு வழியாகப் பத்து நிமிட நடை. கடைத்தெரு சமதளம்தான், வண்டிகள் வராது. அது முடியும் இடத்தில்தான் கடற்கரைக்குச் சட்டென்று இறக்கம். அங்கே மின்தூக்கி இருக்கிறது. கிளம்பும் முன் அது வேலை செய்கிறதா என்று நகராட்சித் தளத்தில் பார்த்துவிடுங்கள். 1912-இல் கட்டிய பழைய சாய்வு ரயில் ஒன்றும் மேட்டில் இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் அடிக்கடி நின்றுவிடும், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பாலத்து ரயில் இப்போது புது மின்சார வண்டி, நாற்காலியோடு ஏறலாம். முனையில் பலகைத் தளம். சக்கரம் கொஞ்சம் தடதடக்கும், அத்தைக்கு முதுகுவலி இருந்தால் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக்குக் காதை மூட ஒரு சால்வையும்.

சாப்பாட்டில் ஒரு கவனம். மீனும் சிப்ஸும் விற்கும் கடைகளில் எல்லாவற்றையும் ஒரே எண்ணெயில் பொரிப்பதுண்டு. சில இடங்களில் மாட்டுக் கொழுப்பும் பயன்படுத்துவார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே அத்தைக்கு நிம்மதி.

கால் நனைப்பதைப் பற்றி: நிரம்பும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் தண்ணீர் கரையோடு இருக்கும், ஆழமும் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் நல்லது. ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் பன்னிரண்டரை மணி நேரம் கிட்ட ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப் போகும். இந்தச் சனி பகல் பன்னிரண்டுக்கு நிரம்பினால் அடுத்த சனி மாலை ஆறு மணி வாக்கில் நிரம்பும், பகலெல்லாம் சேறு. செந்தில் அண்ணா அப்படி ஒரு நாளில் போயிருப்பார் என்று நினைக்கிறேன். ஓத நேர அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பார்த்துத்தான் ரயில் நேரத்தை முடிவு செய்ய வேண்டும்.

வற்றிய நேரத்தில் சேற்றில் தூரமாக நடந்து போக வேண்டாம். தட்டையான நிலம் என்பதால் தண்ணீர் திரும்பும்போது வேகமாக வரும், பள்ளங்கள் முதலில் நிரம்பிப் பின்னால் வழி அடைபட்டுவிடும். அங்கேயுள்ள உயிர்காப்புப் படகு நிலையத்தில் சேற்றில் சிக்கியவர்களை மீட்க ஒரு மிதவை ஊர்தியே தனியாக வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.


நிலா_செவிலியர் | திங்கள், இரவு 8:50

எசெக்ஸில் வேலை பார்க்கிறேன். கடலோர ஊர்களிலிருந்து வரும் நோயாளிகளை தினமும் பார்ப்பவள் என்பதால் ஒரு விஷயம் சேர்க்கிறேன். "மங்கிப்போன ஊர்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

1938-இல் சம்பளத்தோடு விடுமுறைச் சட்டம் வந்தது. போர் முடிந்ததும் கடலோர ஊர்களுக்குக் கூட்டம் அலைமோதியது. சவுத்தெண்ட் பாலத்துக்கே 1949-50 பருவத்தில் ஐம்பது லட்சத்துக்கு மேல் வந்தார்கள். அறுபதுகளின் இறுதியிலிருந்து ஸ்பெயினுக்கு மலிவு விமானப் பயணம் வந்ததும் அந்தக் கூட்டம் கரைந்தது. சவுத்தெண்ட் விமான நிலையத்திலிருந்தே மக்கள் ஏறிப் போனார்கள். அப்போது கடலோர விடுதிகளுக்கு என்ன ஆனது? அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். வேறெங்கும் வீடு கிடைக்காதவர்கள், வேலை இழந்தவர்கள், தனியாக நோயோடு இருப்பவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஒரே ஒரு அறை, ஒரு ஈரச் சுவர், பகிர்ந்துகொள்ளும் குளியலறை. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி 2021 ஆண்டறிக்கையை முழுக்கக் கடலோர மக்களின் உடல்நலத்துக்கே ஒதுக்கினார். மற்ற ஊர்களைவிட அங்கே நோய் அதிகம், மருத்துவர்களும் செவிலியர்களும் குறைவு என்று அதில் இருக்கிறது. 2019-இல் பிரபுக்கள் அவைக் குழு ஒன்றும் கடலோர ஊர்களைப் பற்றித் தனி அறிக்கை கொடுத்தது.

இன்னொரு காரணம் நிலப்படத்திலேயே தெரியும். மற்ற ஊர்களில் இருப்பவர் நாலு திசையிலும் வேலை தேடிப் போகலாம். கடலோர ஊரில் பாதித் திசை தண்ணீர்.

சவுத்தெண்ட் லண்டனுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஓரளவு தப்பித்தது. தினமும் ரயிலேறி லண்டன் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. முன்பு சுங்க வரித் துறையின் பெரிய அலுவலகம் ஒன்றும் அங்கே இருந்தது. ஆனால் கடற்கரைக்கு மிக அருகிலுள்ள சில தெருக்களில் நான் சொல்வதை இன்றும் காணலாம்.


ரெடிங்_செந்தில் | திங்கள், இரவு 9:33

நிலா சொன்னதைத்தான் நானும் கேட்கிறேன். நாம் ஒரு நாள் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வருவதால் அந்த ஈரச் சுவர் காய்ந்துவிடுமா? ஊரின் மேல் நமக்குப் பாசம் இருக்கலாம், வடமராட்சி அண்ணனின் பதிவைப் படித்து எனக்கும் மனசு நெகிழ்ந்தது. ஆனால் பாசத்தால் கடைகள் திறக்காது. அரசாங்கம் பணம் போட வேண்டும், இல்லையென்றால் புதுத் தொழில் வர வேண்டும். சவுத்தெண்டுக்கு 'சிட்டி', அதாவது நகரம் என்ற பட்டம் கொடுத்தார்களே, அதற்குப் பிறகு என்ன மாறியது?


பொறியாளன்_பாலா | திங்கள், இரவு 9:58

பட்டம் வந்த கதை துயரமானது. அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் ஏமஸ் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். 2021 அக்டோபர் 15 அன்று லீயில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது அவர் கொல்லப்பட்டார். மூன்றாம் நாள் நாடாளுமன்றத்தில் நகரப் பட்டம் அறிவிக்கப்பட்டது, 2022 மார்ச் 1 அன்று முறைப்படி வந்தது. பாலத்துப் புது ரயில் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டத்தால் பணம் வராது என்பது சரி. ஆனால் ஒருவர் ஊருக்காக விடாமல் கேட்டு, ஊர் அதைப் பெற்றது. அதை அந்த மக்கள் பெருமையாக நினைக்கிறார்கள். நாம் வெளியிலிருந்து எடை போட வேண்டாமே.


மான்செஸ்டர்_அருள் | செவ்வாய், காலை 8:05

வடக்கிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே எங்களுக்கு பிளாக்பூல். லங்காஷயர் பஞ்சாலை ஊர்கள் ஒவ்வொன்றும் கோடையில் ஒரு வாரம் ஆலையை மூடும், கொதிகலனைப் பழுதுபார்ப்பார்கள், ஊரே பிளாக்பூலுக்குக் கிளம்பும். ஒரு ஊர் திரும்பும்போது அடுத்த ஊர் போகும். அந்தக் காசில் எழுந்ததுதான் 1894-இல் கட்டிய கோபுரம், 158 மீட்டர். ஆலைகள் போயின, கூட்டமும் குறைந்தது. நிலா சொன்ன அறை வீடுகள் பிளாக்பூலில் தெருத் தெருவாக உண்டு. ஆனாலும் இலையுதிர் காலத்தில் விளக்கு அலங்காரம் தொடங்கினால் இன்றும் வண்டி நகராது. கோபுரத்தின் நடன மண்டபத்தில் ஒரு டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, மேடையில் ஆர்கன் வாசிக்க, வயதான தம்பதிகள் சுற்றிச் சுற்றி ஆடுவதைப் பாருங்கள். சக மனிதர்களின் சந்தோஷத்தைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.


மார்கேட்_மதி | செவ்வாய், மதியம் 1:20

செந்தில், பணம் போட்டால் என்ன ஆகும் என்று மார்கேட்டில் பார்க்கலாம். நான் அங்கே குடியிருக்கிறேன். 2011-இல் ஓவியர் டர்னர் பெயரில் கலைக்கூடம் திறந்தார்கள். ட்ரீம்லேண்ட் ராட்டினப் பூங்காவை மூடிக்கிடந்த நிலையிலிருந்து மீட்டு 2015-இல் திறந்தார்கள். 1920-இல் கட்டிய மர உருளை ரயில் 2008 தீயில் ஒரு பகுதி எரிந்திருந்தது, அதையும் சரிசெய்தார்கள். பழைய ஊர்ப் பகுதியில் காபிக் கடை, துணிக் கடை, ஓவியக் கடை. லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். வார இறுதியில் ஊர் நிரம்புகிறது.

ஆனால் வாடகை ஏறியது. பக்கத்து வீட்டில் இருந்த குடும்பம் ஊரை விட்டே போனது. கலைக்கூடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கிளிஃப்டன்வில் தெருக்களில் நிலா சொன்ன அதே ஈரச் சுவர்கள். பணமும் வந்தது, வறுமையும் போகவில்லை. வந்த பணம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. இளைஞர் ஒருவர் ராட்டினம் இயக்கிக் கோடை ஆறு மாதம் சம்பாதிக்கிறார், மீதி ஆறு மாதம் என்ன செய்வார்?

மணல் வேண்டும் என்பவர்கள் இங்கே வாருங்கள், அதில் சந்தேகமே இல்லை. கடலும் பக்கத்தில்.


வடமராட்சியான் | செவ்வாய், இரவு 7:40

தம்பி செந்தில், நாங்கள் போவதால் சுவர் காயாது. உண்மை. ஆனால் வெயில் அடித்த ஞாயிறுகளில் சனம் வராமல் விட்டால் அங்கே மட்டி (சின்னச் சிப்பி) விற்கிற கடைக்காரன் என்ன செய்வான் என்று எனக்குக் கவலை. அதனால் ஒரு இடம் சொல்லுகிறேன். சவுத்தெண்ட் சென்ட்ரலுக்கு முன்னமே லீயில் இறங்குங்கள். தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு சின்னப் பழைய ஊர், ஒரு தெரு அளவுதான். கரையோடு வரிசையாக மட்டிக் கொட்டில்கள். படகில் கொண்டுவந்த மட்டியை அங்கேயே நீராவியில் அவித்துச் சுத்தம் செய்கிறார்கள். ஒரு கிண்ணம் வாங்கி, வினாகிரியும் வெள்ளை மிளகுத் தூளும் போட்டுத் தருவார்கள். எங்கள் ஊர் மட்டியைவிடச் சிறிது, ஆனால் இனிப்பு. நான் கையோடு கொஞ்சம் தேசிக்காயும் பச்சை மிளகாயும் கொண்டுபோவேன்.

1940-இல் பிரான்சின் டன்கர்க் கரையில் சிக்கிய படையினரை மீட்க லீயில் இருந்து ஆறு மட்டிப் படகுகள் போயின. மட்டி அள்ளுகிற தட்டை அடிப் படகுகள் என்பதால் கரைக்குக் கிட்டப் போய் ஆட்களை ஏற்றிக் கப்பலில் சேர்க்க முடிந்தது. திரும்பி வரும் வழியில் ரெனௌன் என்ற படகு கண்ணிவெடியில் பட்டது. அதில் போன மீனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. எண்டெவர் என்ற படகைப் பிறகு மீட்டுத் திருத்தி லீக்கே கொண்டுவந்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கதையை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

லீயில் இருந்து கடலோரப் பாதையாலேயே சவுத்தெண்டுக்கு நடக்கலாம். ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் சமதளம். ஒக்டோபரில் இருந்து போனால் சைபீரியாவில் இருந்து பிரென்ட் வாத்துகள் ஆயிரக்கணக்கில் வந்து அந்தச் சேற்றில் மேயும். அதுகளுக்கு அந்தச் சேற்றில் வளர்கிற கடற்புல் வேண்டும். மணற்கரைக்கு அதுகள் போகாது.


ரெடிங்_செந்தில் | செவ்வாய், இரவு 9:15

வாத்துகள் பற்றித் தெரியாது அண்ணா. பெரியவளுக்குப் பறவைகள் என்றால் உயிர். பள்ளி விடுமுறையில் அக்டோபர் கடைசி வாரம் வருகிறது, அப்போது லீயில் இறங்கி நடக்கிற திட்டம் போடுகிறேன். கோடைக்கு போர்ன்மத்தான் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் நிலாவிடம் ஒரு கேள்வி: சும்மா போய்வருவதைத் தாண்டி அங்குள்ள மக்களுக்கு நேரடியாக உதவும் அமைப்புகள் இருந்தால் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.


நிலா_செவிலியர் | செவ்வாய், இரவு 9:41

அனுப்புகிறேன். குளிர்காலத்தில் சூடான உணவு வழங்கும் இடங்களில் ஞாயிறு தன்னார்வலர்கள் எப்போதும் தேவை. சமைக்கத் தெரிந்த கைகள் என்றால் இன்னும் நல்லது.


சுபா | புதன், காலை 7:55

முடிவு செய்துவிட்டோம். அடுத்த சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நிரம்புகிறது என்று அட்டவணையில் பார்த்தேன். பத்து மணி ரயிலைப் பிடித்தால் பதினொன்றுக்கு அங்கே. முதலில் அத்தையோடு பாலத்து ரயிலில் முனைக்குப் போய்வந்து, பிறகு பையனைத் தண்ணீரில் விடுவோம். மழை பெய்தால் என்ன செய்வது?


கயல்_இல்ஃபோர்ட் | புதன், காலை 9:20

மழை என்றால் விக்டோரியா அவென்யூவில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிரிட்டில்வெல்லில் சாலை வேலைக்கு முன் 2003-இல் தோண்டியபோது கிடைத்த ஆறாம் நூற்றாண்டுச் சாக்சன் கல்லறைப் பொருட்கள் அங்கே இருக்கின்றன. பொன்தகட்டுச் சிலுவைகள், நீலக் கண்ணாடிக் குவளைகள். உடையாமல் அப்படியே வந்திருக்கின்றன, அத்தைக்குப் பிடிக்கும். திறந்திருக்கும் நாளை மட்டும் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பையனுக்கு மாற்று உடை இரண்டு எடுத்து வையுங்கள், ஒன்று போதாது. திரும்பும்போது ஆறு மணிக்குப் பிறகு ரயிலில் கூட்டம் நெருக்கும். சக்கர நாற்காலிக்கு இடம் வேண்டுமென்றால் ஐந்து மணிக்கே ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள்.